கையில் குத்திய பெயர்

“அப்பா, இந்த ஊர் எந்த லைனில் இருக்கிறது?”

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பு, வீட்டில் கிடந்த பழைய ரயில்வே கால அட்டவணையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு என் மகள் இவ்வாறு கேட்டாள். நிலையப் பெயர் வரிசை முழுவதையும் விரல் வைத்துத் தேடியும் அவ்வூர் அகப்படவில்லையாம். அகப்படாது. அப்படி ஓர் ஊரே இல்லை. அது நான் சொன்ன பொய்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு எட்டு வயது. பிலாஸ்பூரில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிப்பவள். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் அவளைச் சேர்த்து ஓராண்டு ஆகியிருந்தது. உயிரும் மெய்யும் முடிந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்திருந்தாள். அந்நிலையை அடைந்த குழந்தை சும்மா இருப்பதில்லை. கண்ணிற்படும் எழுத்தையெல்லாம் படித்துப் பார்க்கத் துடிக்கும். தமிழ்நாட்டுக் குழந்தைக்குக் கடைப்பலகை உண்டு, பேருந்தின் நெற்றி உண்டு, சுவரொட்டி உண்டு. இவ்வூர்த் தெருவிலோ எங்கு நோக்கினும் தேவநாகரி. எங்கள் வீட்டில் அவள் கண்ட தமிழெழுத்து மூன்று இடங்களில்தான் இருந்தது: சுவரில் தொங்கும் நாட்காட்டி, மாதந்தோறும் வரும் இவ்விதழ், பிறகு என் இடக்கை.

என் இடது முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி, மூன்று அங்குல நீளத்தில் நான்கெழுத்துப் பெயர் ஒன்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது. ஒரு மாலை நான் பணி முடிந்து வந்து பாயில் சாய்ந்திருந்தபோது, அவள் அதன்மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். முழுவதும் படித்து முடித்ததும் அவள் முகத்தில் தோன்றிய பெருமையை என்னென்பேன்! “சரியா அப்பா?” என்றாள். சரிதான். ஒரு பிழையும் இல்லை. “இது என்ன?” என்றாள் அடுத்து. அடுக்களையில் என் மனைவி இருந்தாள். நான், “அது ஓர் ஊரின் பெயரம்மா” என்றேன். ரயில்வே எழுத்தன் ஒருவன் வாயில் வேறென்ன வரும்?

அப்பெயரை நான் இங்கு எழுதப்போவதில்லை. அதற்கு உரியவர் இன்று ஓர் இல்லத்தின் தலைவி. இரு மக்களின் தாய் என்று கேள்வி.

பத்து நிமிட வேலை

என் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், உடன்குடிக்கு அருகே ஒரு சிற்றூர். பனங்காடும் தேரிமணலும் நிறைந்த நிலம். ஆண்டுதோறும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலில் தசராத் திருவிழா பெருங்கூட்டத்தோடு நடைபெறும். எனக்குப் பத்தொன்பது வயதாயிருந்தபோது, அத்திருவிழாக் கடைகளின் நடுவே, மின்கலத்தில் ஓடும் சிறு கருவியோடு ஒருவர் பச்சை குத்திக்கொண்டிருந்தார். பழைய அட்டையொன்றில் பாம்பு, சிங்கம், சிலுவை, ஓம், வேல் எல்லாம் வரைந்து வைத்திருந்தார். நான் அவற்றுள் ஒன்றையும் கேட்கவில்லை. துண்டுத் தாளில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்கு முன்னே எத்தனை பேருக்கு அந்த ஊசி இறங்கியதோ, அதை அவர் ஒரு கந்தையில் துடைத்துவிட்டு என் கையில் இறக்கினார். அதைப் பற்றி நான் அன்று ஒருகணமும் எண்ணவில்லை. என் எண்ணமெல்லாம் அப்பெண் இதைப் பார்க்கும்போது என்ன சொல்வாள் என்பதில் இருந்தது. பார்த்தபோது அவர் சொன்னது ஒன்றே: “இப்படியா செய்வது? என்னைக் கேட்டீர்களா?” அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த ஆண்டே அவருக்குத் திருமணம் நடந்தது. அதில் அவர் பிழையும் இல்லை. அவர் வீட்டார் பிழையும் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி, வேலையின்றித் திரிந்த ஒருவனுக்கு யார்தான் பெண் கொடுப்பர்?

பிறகு நான் ரயில்வேயின் கடைநிலைப் பணிக்குத் தேர்வெழுதித் தேறி, இங்கு வந்து சேர்ந்தேன். பின்னர்த் துறைத் தேர்வு எழுதி எழுத்தன் ஆனேன். என் திருமணத்திற்குப் பெண் பார்க்கச் சென்றபோது முழுக்கைச் சட்டை அணிந்து சென்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிலாஸ்பூர் எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. மே மாத வெயிலில் இங்கே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அரைக்கைச் சட்டை போட்டாலும் அந்நான்கு எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் எவரும் இலர். உடன் வேலை செய்யும் சத்தீஸ்கர் நண்பர் ஒருவர், “இது எந்தத் தேவியின் பெயர்?” என்று ஒரு நாள் கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன். அன்று முதல் அவர் அக்கையைக் காலால் இடறாதபடி ஒதுங்கி உட்காருவார். நூலறிவில்லாத ஊரில் பொய் வாழும் என்பர். எழுத்தறியாத ஊரிலும் வாழும் என்று கண்டேன்.

ஆனால் நம் சங்கத்துக் குழந்தைகள் இப்போது எழுத்தறிந்துவிட்டனர்.

அவள் சொன்னது

மகள் கால அட்டவணையோடு வந்து நின்ற அன்று இரவு, அவள் உறங்கிய பிறகு, நான் மனைவியிடம் பேச்சை எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறினேன். அவள்தான் என் தடுமாற்றத்தை நீக்கினாள்.

“கல்யாணத்தன்று கையைப் பிடித்தபோதே படித்துவிட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். ஒன்பது வருஷம் ஆயிற்று” என்றாள்.

எனக்குப் பேச்சு எழவில்லை. அவள் தொடர்ந்து, “அந்தப் பெயரைப் பார்த்து எனக்கு வருத்தம் இல்லைங்க. கல்யாணத்துக்கு முன்பு எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்திருக்கும். குழந்தையிடம் ஊர் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் வருத்தம். அவள் உங்களை நம்பிப் புத்தகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள்” என்றாள்.

மறுநாள் காலை மகளை அருகில் அழைத்து, “நான் உன்னிடம் சொன்னது பொய்யம்மா. அது ஊரில்லை, ஒருவர் பெயர். சிறுவயதில் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதிக்கொண்டேன். அது தவறு” என்றேன். அவள் சற்று நேரம் யோசித்து, “அப்படியானால் அழித்துவிடுங்களேன்” என்றாள். பென்சிலால் எழுதியதை அழிப்பவளுக்கு அது எளிதாகத்தான் தோன்றும்.

மனைவிக்கு வருத்தமில்லையென்றால் பெயர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் மாற்றலாகி இங்கு வருகின்றன. பிலாஸ்பூரிலிருந்து திருநெல்வேலிக்கே நேர் வண்டி ஓடுகிறது. அந்த அம்மையாரின் உறவினர் ஒருவர் நாளை என் அலுவலகச் சாளரத்தின் முன் வந்து நிற்கலாம். யாரோ ஒருவனுடைய கையில் தம் வீட்டுப் பெண்ணின் பெயர் இருப்பதை அவர் காண நேர்ந்தால், எந்தக் குற்றமும் செய்யாத அவருக்கல்லவா அது இழுக்கு? அவர் அன்று கேட்ட கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது. அதை எடுத்துவிடுவது அல்லது மூடிவிடுவது என்று உறுதி செய்தேன்.

ஏன் அழிவதில்லை?

முதலில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் பொறுமையுடன் விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் இங்குத் தொகுத்துச் சொல்கிறேன்.

நம் தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக வளர்வது. பச்சை அங்கே தங்கியிருந்தால் ஒரு மாதத்தில் போய்விடும். ஊசியோ அதற்கும் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள உள்ளடுக்கில் மையை இறக்குகிறது. உடலின் காவல் அணுக்கள் அம்மைத் துகளை அயற்பொருள் என்று கருதி விழுங்குகின்றன. விழுங்கினாலும் செரிக்க முடிவதில்லை. அந்த அணு மடிந்தால் துகள் வெளியே விழுகிறது. அடுத்து வரும் அணு அதை எடுத்து விழுங்குகிறது. 2018-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்து இதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஒரு காவற்காரர் பணி முடிந்து செல்லும்போது சாவியை அடுத்தவரிடம் ஒப்படைப்பது போன்றது இது. என் உடல் பதினெட்டு ஆண்டுகளாக அப்பெயரைக் கைமாற்றிக் காத்து வந்திருக்கிறது! கரிய மை தோலுக்கடியிலிருந்து பார்க்கும்போது நீலமும் பசுமையும் கலந்து தோன்றுகிறது. ‘பச்சை’ என்று நம்மவர் பெயரிட்டது அந்நிறத்தைக் கண்டுதான்.

லேசர்க் கதிர் அத்துகள்களை மிக நுண்ணிய பொடியாகச் சிதைக்கிறது. பொடியானதை உடல் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகிறது. கரிய மைக்கும் நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரே பாதுகாப்பானது என்பர்; தோலின் இயல்பான கருமையை அது அதிகம் தாக்குவதில்லை. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு முதல் எட்டு வார இடைவெளி வேண்டும். முழுவதும் மறையப் பல முறை செல்ல வேண்டியிருக்கும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதன் பின்னும் ஒரு தொல்லை உண்டு. தோலின் இயல்பான நிறமும் சேர்ந்து குறைந்துவிட்டால், கரிய பெயர் நின்ற இடத்தில் வெளிறிய பெயர் நிற்கும். “அப்போதும் படிக்கலாம்” என்று மருத்துவர் சிரித்தார்.

சுண்ணாம்பு, அமிலம், உப்பு வைத்துத் தேய்த்தல், விளம்பரத்தில் வரும் களிம்பு ஆகியவற்றைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவை மையைத் தேடிப் பிடித்து அழிப்பதில்லை; தோலைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறும்போது தடித்த தழும்பு எஞ்சும். தழும்பின்மேல் பிறகு எந்தப் படத்தையும் செம்மையாகக் குத்த முடியாது. ஆகவே அவ்வழியில் செல்வோர் இரண்டு வழிகளையும் இழப்பர்.

இன்னொன்றும் செய்யச் சொன்னார். அந்தத் திருவிழா ஊசியை நினைத்து, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றிற்கும் இரத்தப் பரிசோதனை. முடிவு வருமுன் கழிந்த இரு நாட்களில் நான் உண்டதும் உறங்கியதும் குறைவு. நல்லவேளையாக மூன்றும் இல்லை என்று வந்தது. எனக்கிருந்தது நல்லூழ், அறிவன்று. திருவிழாவில் குத்திக்கொண்ட அன்பர் எவரேனும் இதைப் படித்தால், தாமும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மூடுவது எப்படி?

முற்றிலும் நீக்குவதைவிட, சற்றே மங்கச் செய்து அதன்மேல் வேறு படம் குத்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். ராய்ப்பூரில் பச்சை குத்தும் நிலையம் வைத்திருக்கும் இளைஞர் ஒருவரை நண்பர் அறிமுகப்படுத்தினார். நானும் மனைவியும் மகளும் ஒரு ஞாயிறன்று சென்றோம்.

அந்த இளைஞர் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். மேடு இருக்கிறதா என்று சோதித்தாராம். நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும் என்றார். எனக்கு ஓரிடத்தில் மட்டும் சிறு மேடு இருந்தது. பிறகு மெல்லிய டிரேசிங் தாளைக் கையில் ஒட்டினாற்போல் வைத்து அந்நான்கு எழுத்துகளையும் அப்படியே படியெடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. “அண்ணா, இது கொடி மாதிரி அழகாக இருக்கிறதே, ஏன் மூடுகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். என் மகள், “அது கொடி இல்லை, பெயர்” என்று முந்திக்கொண்டு விடை சொன்னாள்.

அவர் சொன்ன முறைகளைத் தொகுத்து எழுதுகிறேன். அறியாமல் சென்று ஏமாறுவோர் பலராதலால் இது பயன்படும்.

முதலாவது, பச்சையின் மேல் பச்சை குத்துவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றதன்று. புதிய மை பழைய மையை மூடுவதில்லை; அதனோடு தோலுக்குள் கலந்து நிற்கிறது. ஆகவே கருமையின் மேல் வெண்மையோ மஞ்சளோ இட்டால் பழைய கருமைதான் தெரியும். பழையதைவிட இருண்ட நிறமே அதை விழுங்கும்.

இரண்டாவது, புதிய படம் பழையதைவிட இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பெரிதாக இருக்க வேண்டும். அளவு ஒத்ததாக இருந்தால் வெறும் கரிய திட்டு ஒன்றே மிஞ்சும். பார்ப்பவர் கண்ணைப் பழைய எழுத்தினின்றும் வேறிடத்துக்கு இழுக்க இடம் வேண்டும்.

மூன்றாவது, நேர்கோடும் வெற்றிடமும் மிக்க படம் ஆகாது. இலை, இறகு, செதில், மரப்பட்டை போல உட்பின்னல் மிக்க படமே தகும். என் மனைவி முதலில் ஒரு புள்ளிக் கோலத்தை விரும்பினாள். கோலத்தின் மெல்லிய கோடுகளுக்கிடையே பெயர் சிறைக்கம்பிக்குப் பின்னே நிற்பவரைப் போல் எட்டிப் பார்க்கும் என்று அவர் கூறிவிட்டார்.

நான்காவது, இரண்டு மூன்று லேசர் அமர்வுகளால் பழையதை மங்கச் செய்துகொண்டால், படத்தை அவ்வளவு இருட்டாக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி அமர்வுக்குப் பின் தோல் நன்கு ஆறக் குறைந்தது இரண்டு மாதம் விட வேண்டும்.

கூலி சதுர அங்குலக் கணக்கில் என்றார். மூன்று அங்குலப் பிழையை மூடப் பத்துப் பன்னிரண்டு சதுர அங்குலத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதை அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது நோயன்று, ஆகவே செலவு முழுவதும் நம் பையிலிருந்தே. தீபாவளிக்கு எனக்குத் துணி இல்லை என்று முடிவாயிற்று.

படம் எது என்ற பேச்சு வந்தது. நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். மனைவியின் பெயரையே பெரிதாக, தடித்த எழுத்தில், அதன்மேல் எழுதிவிடலாம் என்பது. அவளை மகிழ்விக்கும் என்று நம்பி அதை அங்கே சொன்னேன்.

“பெயரை மறைக்க இன்னொரு பெயரா? வேண்டாங்க” என்றாள் உடனே. “என் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. போதும்.”

இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் என்பவர் தாம் விரும்பிய நடிகையின் பெயரை ‘வினோனா என்றென்றும்’ என்று தோளில் குத்திக்கொண்டிருந்தாராம். பிரிவு நேர்ந்த பின் இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு ‘குடிகாரன் என்றென்றும்’ என்று பொருள்படும்படி மாற்றிக்கொண்டாராம். “எழுத்தை எழுத்தால் திருத்தப் போனால் இப்படித்தான்” என்றார்.

அவர் காட்டிய தொகுப்பில் கழுகு, சிங்கம், ஓநாய், மயிலிறகு எல்லாம் இருந்தன. என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து மறுத்தாள். அதற்குள் என் மகள் மேசைமேல் கிடந்த தாளில் ஒரு மரம் வரைந்து முடித்திருந்தாள். கோடையில் தாத்தா வீட்டுக்குச் சென்றபோது பார்த்த பனைமரம். உச்சியில் விசிறி விசிறியாய் ஓலை. அதன் கீழே உருண்டை உருண்டையாய்க் காய்.

இளைஞர் அதை எடுத்து, படியெடுத்த தாளின்மேல் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நம் எழுத்துகளின் சுழிகளே அவருக்குப் பெரிய இடராக இருந்தனவாம். வட்டத்தை மறைக்க வட்டம்தான் வேண்டும். இங்கே பனங்காய் அத்தனை சுழிகளையும் வாங்கிக்கொள்ளும். ஓலையின் கூர்மடிப்புகள் மேற்கோடுகளைத் தின்றுவிடும். நிமிர்ந்த வழுவழுப்பான நெடும்பனையாக இராமல், அடிமரமெங்கும் வெட்டிய மட்டைகள் செதில் செதிலாக நிற்கும் வடலியாக வரைந்தால், கடைசி எழுத்து அந்தக் கருக்கினுள் அடங்கிவிடும். ஊரிலுள்ள என் தம்பியிடம் சொல்லி, எங்கள் கிணற்றடி வடலியைப் பல பக்கங்களிலிருந்தும் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பச் சொன்னேன். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. என் தந்தையின் தந்தை ஏறிய மரமும் அதுதான். அந்தக் கையில் அது இருப்பதற்கு நான் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இந்நாட்டார் பச்சை

ஒன்று சொல்ல வேண்டும். என் கதையைக் கொண்டு பச்சை குத்துதலே இழிவு என்று யாரும் கொள்ளலாகாது. நாம் வந்து பிழைக்கும் இந்நிலத்தில் அதனைக் ‘கோத்னா’ என்பர். பைகா பழங்குடிப் பெண்கள் நெற்றியிலும் கைகால்களிலும் முதுகிலும் குத்திக்கொள்கின்றனர். மற்ற அணிகலன்கள் எல்லாம் இங்கேயே நின்றுவிடும்; இறந்தபின் உடன் வருவது கோத்னா ஒன்றே என்பது இப்பகுதியில் வழங்கும் நம்பிக்கை. மகாநதிக் கரை ஊர்களில் இராமநாமிகள் வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரசுராம் என்பவர் வழியாகத் தோன்றிய கூட்டம் அது. சாதியின் பேரால் கோயிலுக்குள் நுழைய மறுக்கப்பட்ட மக்கள், இராமன் பெயரைத் தம் உடலெங்கும் எழுதிக்கொண்டனர். முகம் முழுவதும் அந்நாமம் எழுதப்பெற்ற முதியவர் ஒருவர் நடைமேடையில் அமர்ந்திருக்கக் கண்டிருக்கிறேன். அவர் யாருக்கும் அஞ்சி அதை மூடவில்லை. அவர் எழுத்துக்குப் பின்னே ஒரு போராட்டம் இருந்தது. என் எழுத்துக்குப் பின்னே பத்து நிமிட அவசரம் இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

இளைஞர்க்குச் சில சொற்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் படைக்கும் காவற்படைக்கும் மனுச் செய்யும் பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் அறிய வேண்டியது: இந்தியத் தரைப்படையில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிலையான பச்சை பொதுவாக ஏற்கப்படும், பழங்குடியினர்க்குத் தனி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவற்படைகளின் தேர்வு விதி இன்னும் இறுக்கமானது. வணக்கம் செலுத்தாத இடக்கையின் முன்கை அல்லது புறங்கைதான். அதுவும் அவ்வுறுப்பின் அளவில் காற்பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். சிறு பச்சையை மூடப்போய்ப் பெரிதாக்கிக்கொண்டால் அந்தக் காற்பங்கைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே தேர்வு அறிவிப்பைப் படித்த பிறகே கையைத் தொட வேண்டும்.

குத்திக்கொள்வதானால், ஊசி உறையிட்ட பொட்டலத்திலிருந்து நம் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். மீண்டும் பயன்படும் கருவிகள் 121 பாகை வெப்பத்தில் நீராவி அழுத்தக் கலத்தில் தூய்மை செய்யப்பெற்றனவா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. சிவப்பு மை பிறவற்றினும் மிகுதியாக ஒவ்வாமை தரும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உள்ளவரும் சர்க்கரை நோயுள்ளவரும் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. குத்திய பின் ஓராண்டு இரத்த தானம் செய்ய இயலாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புண் ஆறும்வரை குளத்திலோ ஆற்றிலோ இறங்கலாகாது; பொருக்கைப் பெயர்க்கலாகாது; வெயில் படலாகாது.

பெயர் எழுதுவதைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், விரும்பும் பெயரை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வைத்து ஓராண்டு கழித்து எடுத்துப் பாருங்கள் என்பேன். அப்போதும் எழுத வேண்டும் என்று தோன்றினால், அப்பெயருக்கு உரியவரை முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இரண்டு லேசர் அமர்வுகள் முடிந்துவிட்டன. கதிர் படும்போது ரப்பர் வளையத்தை இழுத்துச் சுண்டிவிட்டாற்போல் சுரீரென்றது. பட்ட இடம் சில நிமிடம் வெளுத்து, பின் சிவந்தது. கரும்பச்சையாக இருந்த பெயர் இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. மூன்றாவது அமர்வு அடுத்த மாதம். அதன்பின் இரண்டு மாத ஓய்வு. அதன்பின் பனை.

படம் வரைந்த டிரேசிங் தாள் அந்தப் பழைய கால அட்டவணைக்குள் இருக்கிறது. என் மகள் நாளொன்றுக்கு ஒருமுறை அதை எடுத்து என் கையின்மேல் வைத்து, எல்லா எழுத்தும் மறைகிறதா என்று சரிபார்க்கிறாள். நேற்று, இரண்டாவது எழுத்தின் சுழி ஓரமாய் வெளியே தெரிகிறது என்று கண்டுபிடித்து, அங்கே பென்சிலால் இன்னொரு பனங்காய் வரைந்து வைத்தாள். பார்த்தேன். அவள் சொன்னது சரி. ராய்ப்பூருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.